பேட்டரி குடிக்கும் கிட்டார்

“இது கடல் காத்து பண்ற வேலைலா,” என்றான் இயேசுதாசன், கிட்டாரின் முதுகுப்பக்க மூடியைக் கழற்றியபடி. “உப்பு உள்ளே போய் கரண்டை எல்லாம் குடிச்சிடுது.”

“என் வீடு கிளமெண்டியில இருக்கு தாஸ். கடல் எங்கேயோ இருக்கு.”

“காத்துக்கு அட்ரஸ் தேவையா?”

வார நாளெல்லாம் கப்பல் பட்டறையில் வெல்டிங், வாரக் கடைசியில் ஒரு இசைக்குழுவில் பேஸ் கிட்டார் என்று வாழ்பவன் ஜார்ஜ். புதிதாக வாங்கிய இந்தக் கிட்டாரின் கழுத்து நெடுகச் சிவப்பு விளக்குகள். ஒயரைச் செருகினால் போதும், வரிசையாக எரியும். சத்தத்துக்கும் விளக்குக்கும் சேர்த்து உள்ளே ஒரு சதுர பேட்டரி. மாதக்கணக்கில் தாங்கும் என்றுதான் கடைக்காரர் சொன்னார். ஜார்ஜ் வீட்டில் அது ஒரு வாரத்தைத் தாண்டியதில்லை.

போன சனிக்கிழமை உட்லண்ட்ஸில் கல்யாண விருந்து. பாட்டின் நடுவே விளக்கும் போனது, சத்தமும் போனது. ஜார்ஜ் மட்டும் விடாமல் விரலை ஆட்டிக்கொண்டு நின்றான். “அந்தத் தம்பிக்கு வயித்துல ஏதும் அரிப்பா?” என்று மாப்பிள்ளையின் மாமா மைக்குக்குப் பக்கத்தில் நின்று கேட்க, மண்டபமே சிரித்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நிலைமை அதைவிட மோசம். ஒரு ஹோட்டல் மேனேஜர் குழுவின் வாசிப்பைக் கேட்க வருகிறார். பிடித்துவிட்டால் வாராவாரம் அந்த ஹோட்டலில் மேடை.

“வாசிச்சு முடிச்சதும் நானே ஒயரைப் பிடுங்கிடறேன்,” என்றான் ஜார்ஜ். “அப்புறம் எப்படித் தீரும்? பேசாம சிராங்கூன் ரோட்டு கடையில கொடுத்துடவா?”

“வேணாம், வேணாம்.” தாஸ் பதறிப் போனான். எதிர் பிளாக்கில் குடியிருக்கும் பள்ளிக்கூடத்து நண்பன் அவன். டிவி ரிப்பேர் தொழில். கோளாறு ஆரம்பித்ததிலிருந்து ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அடிக்கடி வந்துவிடுகிறான். “நான் இருக்கும்போது கடை எதுக்கு? ஜன்னல் பக்கத்துலேயே நிறுத்தி வை. நல்லா காத்து படணும்.”

“இப்பதானே காத்துதான் எதிரின்னு சொன்னே?”

“அது உப்புக் காத்து. இது சும்மா காத்து.”

ஜார்ஜின் தங்கை அருள்ஜோதி இரண்டு கோப்பை கோப்பியைக் கொண்டுவந்து மேசையில் ‘டக்’கென்று வைத்தாள். “இன்னிக்குமா? இவருக்கு ரிப்பேர் பண்ண ஊர்ல வேற டிவியே இல்லையா, அண்ணே?”

“மரியாதையாப் பேசு ஜோதி. எனக்காக அவன் நேரத்தைச் செலவு பண்றான்.”

தாஸ் தலையைக் குனிந்துகொண்டு கோப்பியைக் குடித்தான். பாவம், கூச்ச சுபாவம்.

சாயங்கால ஜெபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா பிலோமினம்மாள், மந்திரித்த தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றாள். “சிவப்பு வெளிச்சம்னாலே அது சாத்தானோட வெளிச்சம்தான். ரெண்டு சொட்டு தெளிச்சு விடறேன், சரியாயிடும்.”

ஜார்ஜ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சோபாவின் மேல் ஏறினான். “அம்மா, தண்ணி பட்டா ஷார்ட் ஆயிடும்.”

“சாத்தானுக்கு ஷார்ட் ஆகட்டும்டா.”

தாஸ் குறுக்கே விழுந்து தடுத்ததில் இரண்டு சொட்டும் அவன் தலையில் விழுந்தன. ஜோதி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஜார்ஜுக்கு ஒரு யோசனை வந்தது. கடல் காத்தோ சாத்தானோ, இல்லாத பேட்டரியை யார் குடிக்க முடியும்? யாரிடமும் சொல்லாமல் மூடியைத் திறந்து புது பேட்டரியைக் கழற்றினான். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். நாள் முழுக்க அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டான். உடன் வேலை செய்த மாணிக்கம், “என்ன அண்ணே, நெஞ்சு வலியா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டான்.

இருட்டும் நேரத்துக்கு வீடு திரும்பி, சாவி போட்டுக் கதவைத் திறந்தான். அம்மா ஜெபத்துக்குப் போயிருந்தாள். சமையலறையில் ஜோதி குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் வந்ததே அவளுக்குக் கேட்கவில்லை.

ஜார்ஜ் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கியபோது யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள். திறந்தால், தாஸ். லிப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி ஓடி வந்திருக்கிறான். மூச்சு இரைத்தது.

ஜார்ஜைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் திகைத்தான். பிறகு பையில் கைவிட்டு ஒரு சதுர பேட்டரியை எடுத்து நீட்டினான்.

“இந்தா. உன் கிட்டார்ல பேட்டரி போயிடுச்சு பாரு, அதான் புதுசு கொண்டாந்தேன்,” என்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்.

“போயிடுச்சா? காலையில நான்தான் கழற்றி என் பையில வச்சுக்கிட்டுப் போனேன். அது எரியலைன்னு எதிர் பிளாக்ல இருக்கிற உனக்கு எப்படித் தெரியும்?”

தாஸ் நீட்டிய பேட்டரியை மெல்லத் தன் பைக்குள் திரும்பப் போடப் பார்த்தான்.

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது.

“வந்துட்டீங்களா?” சமையலறையிலிருந்து ஜோதியின் குரல் தேனாகக் கேட்டது. “ஒயரைச் செருகிச் செருகிப் பார்த்தேங்க, இன்னிக்கு லைட்டே எரியலை. அம்மாவும் அண்ணனும் வீட்ல இல்லை, நான் கீழே வர்றேன்னு உங்க ஜன்னலுக்கு வேற எப்படித்தான் சொல்றதாம்?”