கூட வந்தவர்

“வெட்கப்படாதீங்க மாமா. நான்தான் கூட இருக்கேனே!” என்றான் தையல்காரன்.

“எனக்கென்னடா வெட்கம்? நீதான் மாப்ளே, பொண்ணு பார்க்க வந்தவங்க முன்னாடி நிக்கிற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டே வர்றே” என்றார் வெல்டர்.

அக்கா புருஷனிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் இல்லை. ஆனால் இன்று அவன் ஜெயித்தாக வேண்டும்.

நேற்று அக்கா கடைக்கு வந்து, தையல் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சொல்லிவிட்டாள்.

“இதோ பாருடா. குடியை விட நினைக்கிறவங்க வாராவாரம் கூடிப் பேசுற இடம் ஒண்ணு இருக்கு. மெத்தைக் கடைத் தெருவுல, மாடியில. நாளைக்கு உங்க மாமாவை அங்க கொண்டுபோய் உக்கார வைக்கணும். இல்லேன்னா பொண்ணைக் கூட்டிக்கிட்டு நான் வீட்டை விட்டே கிளம்பிடுவேன்.”

“நான் கூப்பிட்டா வருவாராக்கா?”

“நீ கூப்பிட்டா வருவார். வழியில மட்டும் காரணத்தைப் பேசிடாதே. ரோஷக்காரர். பாதியில திரும்பிடுவார்.”

கூப்பிட வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. சாயங்காலம் பட்டறையைச் சாத்திவிட்டு, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு மாமாவே கடை வாசலில் வந்து நின்றார். “மெத்தைக் கடைத் தெரு வரைக்கும் போயிட்டு வரலாம், வா மாப்ளே” என்றார். அக்காவின் மிரட்டலுக்கு இவ்வளவு வேகமா என்று தையல்காரன் அசந்துபோனான்.

இப்போது அந்தத் தெருவை இரண்டு முறை அளந்தாகிவிட்டது.

“ஒரு போர்டு வைக்கக் கூடாதா?” என்று முணுமுணுத்தான்.

“போர்டு வெச்சா எவன் மாப்ளே படியேறுவான்?”

மருந்துக் கடையில் ஒரு பெண் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“இங்க... ஒரு கூட்டம் நடக்குமாமே?” என்றான் தையல்காரன்.

அவள் வெல்டரின் தொப்பையைப் பார்த்தாள். “உடம்பு இளைக்கிறதா? அது பின் தெரு.”

“இல்லம்மா. இந்தக் குடியை... விடுறவங்க...”

“அதைச் சொல்ல ஏன் இந்த இழுப்பு?” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். “மெத்தைக் கடைக்குப் பக்கத்துச் சந்து. இரும்புப் படி. யாருக்கு?”

“தெரிஞ்சவருக்கு” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

பாவம் மாமா, தன்னையே தெரிஞ்சவர் ஆக்கிக்கொண்டாரே என்று தையல்காரன் இரக்கப்பட்டான். தன் மேலும் கொஞ்சம் பழி உண்டுதான். மாமா தனியாகக் குடித்தால் அளவு தெரியாமல் போய்விடும் என்றுதான் அவன் தினமும் கூட உட்கார்ந்தான். மாமா அளவோடு நிறுத்தியதில்லை. அவர் நிறுத்தாமல் அவனும் எழுந்ததில்லை. மற்றபடி, காலையில் ஊசியில் நூல் கோக்க வராமல் கை ஆடுவதற்குக் காரணம் மூக்குக் கண்ணாடியின் பவர்தான்.

சந்து முனையில் மதுக்கடை இருந்தது. மாமாவின் பார்வையில் அது படாமல் மறைக்க, தையல்காரன் சட்டென்று இடப்பக்கம் தாவினான். அதே நேரம் மாமாவும் இடப்பக்கம் வந்தார். தோளும் தோளும் மோதின.

“என்ன மாமா, கால் தானா அந்தப் பக்கம் இழுக்குதா?”

“யார் கால்? முட்டுறது உன் தோளு, பழி என் காலுக்கா?”

சொல்லிக்கொண்டே அவர் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். பற்றிக்கொள்ள ஒரு கை தேடுகிறார் என்று தையல்காரனுக்கு மனம் இளகியது. கை வலித்தாலும் விடுவிக்கவில்லை.

இரும்புப் படி கிறீச்சிட்டது.

“எவன் வெச்ச வெல்டிங்டா இது? கண்ணை மூடிக்கிட்டு வெச்சிருக்கான்” என்றார் மாமா.

மேலே பலர் சிரிக்கும் சத்தம் கேட்டது. தையல்காரன் பாதிப் படியில் நின்றுவிட்டான். “கூட்டம் ஆரம்பிச்சிட்டாங்க போலிருக்கே மாமா. அடுத்த வாரம் வேணா...”

“ஏறு மாப்ளே! இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்பினா உங்கக்காவுக்கு யாரு பதில் சொல்றது?”

தான் சொல்ல வேண்டியதை அவர் சொல்கிறாரே என்று வெட்கப்பட்டு, தையல்காரன் மீதிப் படிகளை ஏறினான்.

வாசலில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். “வாங்க, வாங்க. யாரு புதுசு?”

“இவர்தான். நான் கூட வந்தவன்” என்றான் தையல்காரன்.

“இவன்தான். நான் கூட வந்தவன்” என்றார் வெல்டர்.

இரண்டு விரல்கள் எதிரும் புதிருமாக நீண்டு நின்றன.

“அக்கா உங்களைத்தானே மாமா...”

“உங்கக்கா உன்னைத்தானேடா...”

மீசைக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

“காலையிலேயே ஒரு அம்மா போன் பண்ணாங்க. ‘ரெண்டு பேர் வருவாங்க, ரெண்டு பேருமே கூட வந்தவன்னு சொல்வாங்க, ரெண்டு பேரையும் உக்கார வெச்சிடுங்க’ன்னாங்க.”