பழுதான கருவி

நானூறு தொழிலாளர்களின் மூச்சும் தன் ஒற்றைக் கையெழுத்தில்தான் நிற்கிறது என்று நம்பினார், அந்தப் பெயின்ட் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலை அவர் மாப்பிள்ளையைப் போன்ற மிடுக்கோடு வந்து, ரசாயனத் தொட்டியின் வாயருகே குனிந்தார். அங்கிருந்த வாயு காட்டும் கருவி வீலென்று அலறியது.

"உள்ள வாயு இருக்குங்குதே ஐயா?" தொட்டி கழுவும் நெட்டையன் பின்வாங்கினான்.

"மூணு நாளா இதே கூத்துதான்யா. நான் வந்தா கத்துது, போனா வாயை மூடிக்குது. கிறுக்குப் புடிச்ச மெஷினு!"

'பழுது' என்று சீட்டு எழுதிக் கையெழுத்திட்டு, கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் கருவி இல்லாமலே தொட்டிக்குள் இறங்கிய நெட்டையனைப் பிணமாகத்தான் மேலே தூக்கினார்கள்.

விசாரணை நாளில், சோதித்துப் பார்த்த மெக்கானிக் அந்தக் கருவியை மேசைமேல் வைத்தார். "இதுல ஒரு குறையும் இல்லைங்க."

"அப்புறம் என்னைக் கண்டா மட்டும் ஏன்யா கத்துது?" என்று அதிகாரி விறுவிறுவென்று மேசையை நெருங்கினார். கருவி அலறியது. "பாத்தீங்களா!"

மூலையில் நின்ற நெட்டையனின் மனைவி மெல்லச் சொன்னாள்: "ஐயா வர்றது பத்தடிக்கு முன்னாலயே மணக்கும்னு எங்க வீட்டுக்காரர் பெருமையா சொல்லுவாருங்க."

மெக்கானிக் காற்றை மோந்து பார்த்தார். "சென்ட்டா? அதுல இருக்கிற ஸ்பிரிட்டுக்கும் இது கத்துமே ஐயா!"

விசாரணைக்கென்று அதிகாரி அன்று இரண்டு முறை கூடுதலாகப் பீய்ச்சிக்கொண்டு வந்திருந்தார்.