ஆற்றுவாய் வெட்டிய நாள்

"என்ட அண்ணனைக் கட்டுறியாகா?" என்று அன்னப்பிள்ளை ஒருநாள் கேட்டபோது புஸ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். குமர்ப்பிள்ளை வாயைத் திறந்தா ஓம் என்று சொல்லுவாள்? அன்னப்பிள்ளை அன்றைக்கே தாயின் காதில் போட்டுவிட்டாள்.

அந்தக் குனிந்த தலையை நம்பித்தான் இன்று பின்னேரம் மூன்று மணிக்குப் புஸ்பத்தின் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வெற்றிலைத் தட்டுப் போகவிருந்தது. பெண்ணோ மாப்பிள்ளையின் தங்கச்சியோடு கண்டல் காட்டின் நடுவே, சேற்றில் புதைந்த தோணிக்குள் குந்தியிருந்தாள்.

விடியும்போது அதே இடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மார்கழி மழைக்கு வாவி முட்டி, வழக்கமாகத் தோணி நுழையாத இடமெல்லாம் வெள்ளம் ஏறியிருந்தது. கண்டல் வேர்களுக்குள் திரளி மீன் துள்ளித் திரிந்தது.

"கலியாணம் முடிஞ்சா இனி எங்க விடப்போறாங்க? கடைசியா ஒருக்கா மீன் பிடிக்கப் போவமா?" என்று கேட்டவள் புஸ்பம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து எதையுமே கேட்டறியாதவள் கேட்டதும் அன்னப்பிள்ளைக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம் என்றுதான் தோணியைத் தள்ளினாள்.

கரையில் ஆண்கள் ஒருவரையும் காணவில்லை. வயலுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

தூண்டிலைப் போட்டுக் கதையும் சிரிப்புமாக இருந்தபோது தோணியின் அடி தரையில் உரசியது. நிமிர்ந்து பார்த்தால், கண்டல் வேர்களில் ஒரு முழத்துக்கு ஈரக்கோடு தெரிந்தது.

"ஐயோ! ஆத்துவாயை வெட்டிப்போட்டாங்கடி!"

வெள்ளம் வயலில் ஏறினால் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி, வாவியைக் கடலுக்குத் திறந்துவிடுவார்கள். அப்போது ஆழமில்லாத இடங்களில் தண்ணீர் நிற்காது. அதனால்தான் வெட்டுவதற்கு முதல்நாளே ஊர்த்தலைவரான விதானையாரின் ஆள் யோகராசா வீடு வீடாகப் போய்ச் சொல்லுவான்.

"எங்கட வீட்டுக்கு ஒருத்தனும் வரல்லியே!" என்று கத்திக்கொண்டே அன்னப்பிள்ளை தோணியைத் தள்ளக் குதித்தாள். சேறு தொடைவரை விழுங்கியது. ஒரு காலை இழுத்தால் மற்றக் கால் இன்னும் கீழே போனது.

புஸ்பம் கம்பை நீட்டி, முழுப்பலத்தோடு அவளை உள்ளே இழுத்துப் போட்டாள்.

பிறகு இருவரும் தொண்டை அடைக்கும்வரை கூப்பிட்டார்கள். கொக்குகள்தான் எழுந்து பறந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் வேர், சேறு, அதற்கப்பாலும் வேர். உச்சி வெயில் தோணிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

"பொம்பிளையும் மச்சாளும் இனி நண்டுக்குத்தான் சோறாக்கிப் போடவேணும்," என்று அன்னப்பிள்ளை சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "அம்மா பட்டுச்சேலையும் உடுத்து நிப்பாகா. மாமாவைக் கூட்டிவர அப்பா நேத்தே சித்தாண்டிக்குப் போயிட்டார்."

புஸ்பம் மெல்லக் கேட்டாள்: "நேரம் தப்பினா தட்டுத் திரும்பிருமாகா?"

"திரும்பினா திரும்பினதுதான். எங்கட குடியில திரும்பின தட்டு மறுகா அந்தப் படலைக்குப் போகாது."

புஸ்பத்தின் கண் கலங்கியது. தோணிக்குள் தேங்கியிருந்த தண்ணீரைக் கை நிறைய அள்ளி, அன்னப்பிள்ளையின் காலில் காய்ந்திருந்த சேற்றைக் கழுவத் தொடங்கினாள். பாவம், தன் கலியாணமே கையைவிட்டுப் போகும்போது என் காலைக் கழுவுகிறாளே என்று அன்னப்பிள்ளைக்கு நெஞ்சு வெடித்தது.

"எல்லாம் என்னாலதான்! வேணாம் எண்டு நான் ஒரு சொல் சொல்லியிருந்தா..."

"நீ என்ன செய்வாய்?" என்றாள் புஸ்பம். மறுபடியும் தண்ணீர் அள்ளினாள்.

தூரத்தில் கோயில் மணி கேட்டது. பின்னேரப் பூசை. நல்ல நேரம் கடந்துவிட்டது. அன்னப்பிள்ளை முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வெயில் சாயும் நேரத்தில், எஞ்சிக் கிடந்த ஒரு வாய்க்கால் தண்ணீரில் சின்ன வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு யோகராசாதான் வந்தான். கயிறு எறிந்து, பலகை போட்டு, ஒவ்வொருத்தியாக வள்ளத்துக்கு எடுத்தான்.

"உங்களை ஊரெல்லாம் தேடுறாங்க பிள்ளையள். தட்டும் திரும்பிட்டாம்," என்றான்.

வள்ளம் கரையில் முட்டியதும் அன்னப்பிள்ளைக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஏன் யோகராசாண்ணே, எங்கட வீட்டுப் படலை மட்டும் உங்கட கண்ணுக்குத் தெரியல்லியா? ஒரு சொல் சொல்லியிருந்தா இவள்ற வாழ்க்கை இப்பிடிப் போயிருக்குமா?"

யோகராசா கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தினான்.

"என்ன பிள்ள கதைக்கிறாய்? உங்கட ஒழுங்கையில முழங்கால் தண்ணியெண்டு நான் தயங்கி நிக்க, 'அன்னத்துக்கு நான் சொல்றன், நீங்க மினக்கெடாதீங்க' எண்டு என்னைத் திருப்பி அனுப்பினது இந்தப் பிள்ளைதானே?"

அன்னப்பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.

இந்த முறை புஸ்பம் தலையைக் குனியவில்லை.

அன்னப்பிள்ளை கரையில் இறங்கினாள். மீன்கூடையை வள்ளத்திலேயே விட்டுவிட்டு நடந்து போனாள்.