வெயிலில் நின்ற அந்தோணியார்

“அந்தோணியார் சுரூபத்தைத் தூக்கிட்டுப் போய்ப் புஞ்சையில நிறுத்தினது யாரு?”

காலைப் பூசை முடிந்ததும் சவரிராயர் சாமியார் போட்ட சத்தத்தில், கோயில்பிள்ளை சிலுவைமுத்து கோயில் சாவியை மடியில் செருகி மறைத்தார். விடியற்காலையில் கோயில் கதவைத் திறந்துவிட்டதே அவர்தான். பக்கத்துப் புஞ்சைக்காரர் இருளப்பசாமி தலைமாட்டைப் பிடிக்க, இவர் கால்மாட்டைப் பிடித்திருந்தார்.

ரெண்டு வருசமாக மழை இல்லை. சாமியை வெயிலில் நிறுத்தினால் சூடு தாங்காமல் மழையை வரவழைப்பார் என்பது இருளப்பசாமியின் யோசனை.

“அதுக்கு உங்க அய்யனாரை நிறுத்த வேண்டியதுதான?” என்று சிலுவைமுத்து கேட்டுத்தான் பார்த்தார்.

“அவரு வருசம் பூரா வெயில்லதான நிக்காரு, பழகிப்போச்சு. உங்காளு நிழல்லயே இருந்தவரு. அவருக்குத்தான் உறைக்கும். லத்தீன்ல பூசை வச்சவரைக்கும் மழை பேஞ்சுச்சுல்ல? தமிழுக்கு மாத்துனீக, நின்னுபோச்சு.”

ஞானோபதேசப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, சிலுவைமுத்து கதவைத் திறந்துவிட்டார்.

இப்போது சாமியார் நேராக அவர் முன்னால் வந்து நின்றார். “அவரு புனிதரா, சோளக்கொல்லைப் பொம்மையா? பந்தல்குடிப் பக்கம் ஒருத்தர் சாகக் கிடக்காரு, அவஸ்தைபூசுதலுக்குப் போறேன். நான் திரும்புறதுக்குள்ள சுரூபம் உள்ள இருக்கணும். செஞ்சவன் பேரும் எனக்குத் தெரியணும். இல்லேன்னா சாவியை வச்சிட்டு, கோயில் வீட்டையும் காலி பண்ணு.”

சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். அஞ்சு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது? சிலுவைமுத்து புஞ்சைக்கு ஓடினார்.

இருளப்பசாமி மறித்தார். “மழை வராம ஒருத்தரும் தொடக்கூடாது.”

கோயிலைச் சுற்றியிருந்த நெசவாளர் தெருச் சனமே அவர் பக்கம் நின்றது. மாதா சபைத் தலைவி ரோஸி, சுரூபத்தின் காலடியில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். “மழை பெய்யட்டும் அண்ணே, அப்புறம் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிடுவோம்” என்றாள்.

மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தோணியாருக்கோ உச்சியில் முடி கிடையாது. சிலுவைமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. சாமியார் அறையிலிருந்த கறுப்புக் குடையைக் கொண்டுவந்து, கம்பில் கட்டி, சுரூபத்துக்கு மேலே விரித்துவைத்தார்.

நாலு மணிக்குச் சாமியார் புழுதியும் வியர்வையுமாகப் புஞ்சைக்கே வந்து சேர்ந்தார்.

சிலுவைமுத்து சாவியை நீட்டினார். “நான்தான் சாமி செஞ்சேன். வேற யாரு பேரும் இல்ல.”

சாமியார் சாவியைத் தொடவில்லை.

“போன வழியெல்லாம் பச்சைன்னு ஒரு இலை கிடையாதுப்பா” என்றார். வானத்தைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அது என் குடைதானே?”

“ஆமா சாமி. மொட்டைத் தலையோட நின்னாக, பார்க்கப் பாவமா இருந்துச்சு.”

“அறிவிருக்காய்யா உனக்கு? குடையைப் பிடிச்சா அவருக்கு எப்படி உறைக்கும்? எடு அதை!”