மாட்டின் பங்கு

திரும்பிப் பார்க்காமலே அழகரத்தினத்துக்குத் தெரிந்தது. காத்தான்குடிச் செக்கடியில் புறப்பட்ட கணக்கப்பிள்ளை அப்துல் கபூரின் குடை, ஆரையம்பதி ஒழுங்கை வரை அவனை விடாமல் பின்தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

மடியில் முடிந்திருந்த எள்ளுப் பிண்ணாக்கு கல்லாகக் கனத்தது. செக்கு மாட்டின் தீனியில் கிள்ளியெடுத்தது அது.

"மாடு எலும்பும் தோலுமாப் போச்சு. தீனியில கை வைக்கிறவன் ஆப்பிட்டா அண்டைக்கே வெளிய போடுவன்!" என்று காலையில்தான் முதலாளி சத்தம் போட்டிருந்தார். தான் எடுக்கும் ஒரு பிடிக்கு மாடு அப்படி மெலிய நியாயமில்லையே என்று செக்கோட்டுகிற அவனுக்கே தோன்றியது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது?

படலையைத் திறக்கும்போது கபூர் பக்கத்தில் வந்துவிட்டார். தொப்பி, வெள்ளைக் கோட்டு. கோட்டுப் பையின் அடியில் எண்ணெய்க் கறை.

"என்ன ஓட்டம் ஓடுறாய் அழகரத்தினம்! காலில சில்லு பூட்டியிரிக்கா?"

"ஒண்டுமில்ல காக்கா..." அண்ணன் முறைக்கு அவரை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"மடியில உள்ளதை நான் செக்கடியிலயே கண்டுட்டன். அதை என்ன செய்றாய் எண்டு எனக்குத் தெரியணும்."

அழகரத்தினம் மடியைக் கையால் மூடிக்கொண்டான். கள்ளன் என்ற பேர் வந்தாலும் வரட்டும், பிள்ளைகளுக்கு அதைவிடக் கேவலமான பேர் வேண்டாம்.

"வீட்டில ஒரு கண்டுக்குட்டி இரிக்கி காக்கா. அதுக்குத்தான்."

கபூர் வளவைச் சுற்றிப் பார்த்தார். கட்டையும் இல்லை, கயிறும் இல்லை.

"சாணி போடாத கண்டுக்குட்டியா மனிசா?"

அதற்குள் மகள் ஓடிவந்து தகப்பனின் மடியைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, இண்டைக்குக் கனக்கக் கொண்டு வந்தீங்களா? தம்பி அழுறான்."

"உள்ள போ மனே!" அடுப்படியிலிருந்து மனைவி சீதேவிப்பிள்ளை கத்தினாள். அவள் முன்னால் பானையில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

அழகரத்தினம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டினான்.

"கூப்பன் அரிசி முடிஞ்சு போச்சு காக்கா. எண்ட கூலிக்குக் கள்ளச் சந்தையில ஒரு கொத்து வாங்க ஏலாது. இனித் தொடமாட்டன். முதலாளிக்கிட்டச் சொல்லி வேலையை மட்டும் பறிச்சிடாதீங்க. இதுவும் போனா இதுகள் செத்துப் போகும்."

கபூர் ஒழுங்கையை இரு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, வந்து படலையைச் சாத்தினார். கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி அடுப்படிக்கு நடந்தார்.

எண்ணெய் ஊறிய ஒரு பிண்ணாக்குப் பொட்டலத்தைச் சீதேவிப்பிள்ளையின் முன்னால் பிரித்து வைத்தபோது அவர் குரல் அடங்கிவிட்டது.

"கசப்புப் போக இதுக்கு என்ன போடுற தங்கச்சி? எங்கட புள்ளையள் துப்புதுகள்."