பறந்துபோன வைத்தியம்

“புறாவை அவுத்து உட்டது நீதானேடி?” வெறுங்கூடையைத் தூக்கிக் காட்டிக் கத்தினாள் தாட்சாயணி.

“ஏழுமலையான் சத்தியமா நான் இல்லம்மா!” என்றாள் காவ்யா. ஸ்ரீசிட்டி கம்பெனி வேலையிலிருந்து வார லீவுக்குச் சித்தூர் வந்தவள். வந்த மறுநாள் காலையிலேயே பஞ்சாயத்து!

“நீ வர்ற ஞாயித்துக்கிழமையிலதான் புறா காணாம போவுது. புறா ரத்தத்தை வெதுவெதுன்னு கையில தடவினாத்தான் நரம்பு முழிச்சிக்கும்னு நாட்டு வைத்தியர் தலபாடா சொல்லிக்கினு இருக்காரு.”

“திருப்பதி டாக்டரு சொன்னத கேளும்மா. மாத்திரையோட விரலுக்கு வேலையும் குடுக்கணும். இப்ப உட்டுட்டா அப்புறம் கையே வராதாம்!”

முற்றத்து நாற்காலியில் இருந்த தாட்சாயணியின் கணவர் அப்பாவுவுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து லாரி ஓட்டிய அந்த வலது கை, யாரோ மறந்துவிட்டுப் போன பொருள்போல மடியில் கிடந்தது. மாம்பழக்கூழ் ஃபாக்டரியின் இனிப்பு வாசனை தெருவெங்கும் மிதந்தது. அந்த மஞ்சள் வெயிலில் புறா போன திசையையே கிறங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நைனா, பந்து வாங்கித் தந்தேனே, அமுக்கறியா?”

“நான் இன்னா கைக்கொழந்தையா, பந்து வெச்சி வெளையாட? போன கை போனதுதான். உடும்மா.”

அப்பா இப்படியே இருந்துவிடுவாரோ என்று காவ்யாவுக்குப் பயமாக இருந்தது.

தாட்சாயணி விடுகிற ஆளா? விடுவிடுவென்று சந்தைக்குப் போய் இன்னொரு புறாவோடு வந்தாள். கூடைக்கு மூடி போட்டு, பழைய புடவைக் கிழிசலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, கணவரின் பக்கத்திலேயே வைத்தாள்.

“குளிச்சிட்டு வந்து அறுக்கறேன்” என்று உள்ளே போனாள்.

கூடைக்குள் புறா ‘குர்ர்... குர்ர்...’ என்று மெல்ல முனகியது. காவ்யாவுக்குப் பொறுக்கவில்லை. செய்யாத குற்றத்துக்குத்தான் திட்டு வாங்கியாயிற்றே, இந்தத் தடவை நிஜமாகவே அவிழ்த்துவிட்டால் என்ன? வாசற்படிவரை வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பாவு குனிந்திருந்தார். இடது கையால் வலது கையைத் தூக்கிக் கூடைமேல் வைத்தார். “வா... வாடா கண்ணு...” என்று கெஞ்சினார். புறாவைக் கெஞ்சினாரா, விரலைக் கெஞ்சினாரா, தெரியவில்லை. கட்டைவிரல் நடுங்கியது, மடங்கியது, துணியைப் பற்றியது. இரண்டு கையுமாக இழுக்க இழுக்க முடிச்சு நெகிழ்ந்தது.

புறா படபடவென்று மேலே எழும்பி, வெயிலில் நீந்திப்போனது. அப்பாவு கோணிய வாயோடு சிரித்தார். வலது கை தானாகவே கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.

காவ்யாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “அம்மா...” என்று கூவத் திரும்பினாள். அவள் வாயை ஒரு கை பொத்தியது.

குளிக்கப் போனதாகச் சொன்ன தாட்சாயணி, காய்ந்த தலையும் நனைந்த கண்ணுமாகப் பின்னாலேயே நின்றிருந்தாள்.

“கத்தித் தொலைக்காதடி! காலையில அவுத்ததவிட சீக்கிரமா அவுத்துட்டாரு. அடுத்த வாரம் ரெட்டை முடிச்சு போடணும்.”