வெளுக்காத சாயம்

சென்னிமலை முருகன் சாட்சி. இதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை.

"அதை மட்டும் கழுவாத, கண்ணு."

கட்டிலில் கிடந்த பெரியவர் எழுந்தே வந்துவிட்டார்.

மகள் மைதிலி டம்ளரும் கையுமாகக் குழாயடியில் நின்றாள். மாதம் ஒருமுறை வருவாள். வந்தால் வீட்டில் ஒரு பாத்திரத்தை அழுக்காக இருக்க விடமாட்டாள்.

டம்ளரின் விளிம்பில் ஓர் உதட்டுத் தடம்.

சிவப்பு.

பாவாயியின் உதடு. அவர் மனைவி. போய்ப் பத்து மாதம் ஆகிறது.

நாற்பது வருடம் சாயப்பட்டறையில் நின்றவர் அவர். கடையில் விற்கிற உதட்டுச் சாயம் பாவாயிக்குக் கொப்புளம் போடும். அறுபதாம் கல்யாணம் நெருங்கியபோது கேட்டாள்.

"ஊருல இருக்கற சேலைக்கெல்லாம் சாயம் போட்டீங்க. பொண்டாட்டி உதட்டுக்குப் போட்டாக் கை வெந்துருமுங்களா?"

போட்டார்.

மஞ்சிட்டி வேரைக் கொதிக்கவைத்து வடித்தார். படிகாரம் கரைத்தார். சலவைச் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினார். பொங்கி அடங்கியது. சிவப்பு முழுதும் அடியில் படிந்தது. மேலே வெறும் தண்ணீர், தெளிந்து நின்றது.

சாயம் படிகாரத்தைக் கட்டிக்கொண்டால் அவ்வளவுதான். பிறகு தண்ணீர் கூப்பிட்டாலும் போகாது.

துணியில் வடித்து, நிழலில் உலர்த்தி, மையாக அரைத்தார். பாதியைத் தேன்மெழுகிலும் விளக்கெண்ணெயிலும் குழைத்து ஒரு டப்பா. மீதியைப் போட்டுக் குளிக்கிற சோப்பு. சோப்பு சிவப்பு. நுரை வெள்ளை.

அறுபதாம் கல்யாணத்தன்று பூசிக்கொண்டாள். புகைப்படம் எடுத்து முடித்ததும் தண்ணீர் கேட்டாள். குடித்தாள்.

அந்தத் தடம்தான் இது.

புளி போட்டுத் தேய்த்தாயிற்று. சாம்பல் போட்டாயிற்று. அதே சிவப்புச் சோப்பையும் போட்டாயிற்று. வீட்டு வேலைக்கு வருகிற ராசாமணி மூன்று நாள் விடாமல் தேய்த்ததில் டம்ளர் அரை விரற்கடை குட்டையானது.

உதடு தேயவில்லை.

"போகவே போகாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அப்பறம் கழுவுனா என்னங்கப்பா?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"டம்ளர் தேயுமல்ல."

மைதிலி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"போன மாசத்துக்கு இப்பச் சிவப்பு கூடியிருக்குதுங்களே."

"நல்ல சாயம் நாள்பட நாள்படத்தான் ஏறும், கண்ணு."

சொல்லிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

மைதிலி குழாயை மூடினாள்.

டம்ளரை இருந்த இடத்திலேயே வைத்தாள். பாதி காலியாகிவிட்ட அந்த உதட்டுச் சாய டப்பாவுக்குப் பக்கத்தில். தடம் அவர் கட்டிலைப் பார்க்கும்படி.

பாவாயி ஆயுளில் ஒருநாளும் டம்ளரில் வாய்வைத்துக் குடித்ததில்லை. அண்ணாந்துதான் குடிப்பாள்.